நம்பாமை குற்றமாமோ?



நம்பித் திருமுழுக்குப் பெற்றார்க்கு மீட்பென்றும், நம்பாதார்க்குத் தண்டத் தீர்ப்பென்றும் மாற்கு நற்செய்தியின் 16-ஆம் இயல் கூறுகின்றது. அவர் கொலை செய்தாரல்லர், களவு செய்தாரல்லர், நம்பவில்லை என்பதொன்றே குற்றம்! பகுத்தறிவாளர் இதனை எங்ஙனம் ஏற்பர்?

4-ஆம் நூற்றாண்டினவாகிய சினாய், வத்திக்கான் கைப்படிகள் இரண்டிலும் அவ்வியல் 8-ஆம் வரியோடு முடிகின்றது. நம்பாதாரைச் சாடும் 16-ஆம் வரி அவற்றில் இல்லை. அது பின்னர்ச் சேர்க்கப்பட்டதென்பதே ஆய்வாளர் பெரும்பாலோர் முடிபு. எனினும் சிக்கல் தீர்ந்திலது. யோவான் நற்செய்தியின் 3-ஆம் இயலும் நம்பாதாரைத் தீர்ப்புக்குள்ளானவர் என்றே சொல்கின்றது.

மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் இயலோ, பசித்தார்க்கு உணவளித்தாரா, சிறைப்பட்டாரைச் சென்று கண்டாரா என்றே வினவுகின்றது. அங்கு அளவுகோல் செயல், இங்கு நம்பிக்கை. ஒரே நூலில் இரு நிறைகோல்கள்! எது முறை?

எவரையும் நம்புமாறு வற்புறுத்தலாகாதென 1965-இல் இரண்டாம் வத்திக்கான் பேரவை அறிவித்தது. நன்று! ஆயின், அச்சுறுத்தும் வரிகள் இன்றும் ஏட்டில் நிற்கின்றன. அச்சத்தால் பிறக்கும் இசைவு நம்பிக்கையாகாது; அடிமைத்தனமேயாகும். ஐயுறுவோனையும் மாந்தனாக மதிப்பதே அறம்.