ரோஸ் தெருவின் கவிஞர்கள்: எடின்பரோ மதுவகங்களும் கவிதையும்



ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில், குவீன் தெருவில் அமைந்த தேசிய உருவப்படக் காட்சியகத்திற்கு உரிய ஓவியம் ஒன்றுண்டு. அலெக்சாண்டர் மொஃபட் என்னும் ஓவியர் 1980ஆம் ஆண்டில் தீட்டியது. 'கவிஞர்களின் மதுவகம்' என்பது அதன் பெயர். கோப்பைகள் நிறைந்த மேசையைச் சுற்றி எட்டுக் கவிஞர்கள் கூடியிருக்கிறார்கள். நடுநாயகமாக ஹியூ மக்டயர்மிட். அவரைச் சூழ்ந்து நார்மன் மக்கெய்க், சோர்லி மக்ளீன், இயன் கிரைட்டன் ஸ்மித், ஜார்ஜ் மக்காய் பிரவுன், சிட்னி குட்சர் ஸ்மித், எட்வின் மார்கன், ராபர்ட் கேரியக். இருபதாம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்துக் கவிதையில் பெரும்பகுதி அந்த ஒரே மேசையில் அடங்கிவிட்டது போலத் தோன்றும்.

அப்படியொரு மாலை நடந்ததே இல்லை. ஓவியம் தீட்டப்பட்டபோது குட்சர் ஸ்மித் மறைந்து ஐந்து ஆண்டுகளும், மக்டயர்மிட் மறைந்து இரண்டு ஆண்டுகளும் ஆகியிருந்தன. மார்கன் கிளாஸ்கோ நகரத்தவர். பிரவுன் வடகடலோர ஆர்க்னித் தீவை விட்டு எளிதில் நகராதவர். ஓவியத்தில் உள்ள மதுவகமும் எங்கும் இல்லாத ஒன்று. மில்ன்ஸ் பார், அபட்ஸ்ஃபோர்டு, கஃபே ராயல் என்னும் மூன்று கடைகளின் உட்புறத்தைக் கலந்து ஓவியர் அதைக் கட்டிக்கொண்டார். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லும் 1946இல் ஒரு நாளிதழ்க் கட்டுரையில் தமக்கு உகந்த மதுவகத்தை வருணித்து, இறுதியில் அப்படியொரு கடை இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். பிரிட்டிஷ் மதுவகத்தின் கவர்ச்சியில் பாதி இவ்வாறு கற்பனையில் கட்டப்பட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மீதிப் பாதி மெய்யானது. அந்த மெய்யைத்தான் ஓர் இலக்கிய வட்டத்தார் ஆராய வேண்டும்.

'பப்' என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் குறுக்கம். பொதுவீடு என்று பெயர்க்கலாம். அங்கே யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. உறுப்பினர் கட்டணம் இல்லை. வரவேற்புரையும் நன்றியுரையும் இல்லை. குடிப்பவர் தாமே எழுந்து சென்று நின்று, பணம் கொடுத்துக் கோப்பையை வாங்கிவர வேண்டும். நான்கு பேர் கூடினால் ஒருவர் நால்வருக்கும் வாங்குவார். அடுத்த முறை அடுத்தவர். தம் முறை வரும்போது நழுவுகிறவரைப் பற்றிய ஏளனம் ஆண்டுக்கணக்கில் நிற்கும். அரை லிட்டருக்குச் சற்று மேற்பட்ட ஒரு பைண்ட் பீரை வாங்கிவிட்டால் ஒரு மாலை முழுவதும் கதகதப்பான இடத்தில் உட்காரும் உரிமை கிடைத்துவிடும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் நிலக்கரிக்குத் தட்டுப்பாடு. 1947இன் கொடுங்குளிர் அந்நாட்டார் மறவாத ஒன்று. வாடகை அறையில் குளிர்ந்து கிடந்த இளங்கவிஞருக்கு இந்த உரிமை சிறிதன்று. இதைத் திண்ணையோடு ஒப்பிடத் தமிழ் மனம் விழையும். ஒப்புமை ஓரளவே பொருந்தும். திண்ணைக்கு ஒரு வீட்டுக்காரர் உண்டு; அவர் முகம் சுளித்தால் எழுந்து போக வேண்டும். மதுவகத்தில் கோப்பை காலியாகாத வரையில் எவர் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

எடின்பரோவின் புதுநகரை ஜேம்ஸ் கிரெய்க் என்னும் இளைஞர் 1767இல் வரைந்தபோது, அகன்ற பெருந்தெருக்களுக்கு இடையே இரண்டு ஒடுங்கிய தெருக்களை அமைத்தார். ஒன்று இங்கிலாந்தின் சின்னமாகிய ரோஜாவின் பெயரையும், மற்றொன்று ஸ்காட்லாந்தின் சின்னமாகிய திஸில் என்னும் முட்செடியின் பெயரையும் பெற்றன. கைவினைஞரும் கடைக்காரரும் வாழ வகுத்த அந்த ரோஸ் தெருவே பின்னாளில் மதுவகங்களின் தெருவாயிற்று. 1902இல் தொடங்கிய அபட்ஸ்ஃபோர்டு அங்கே இருக்கிறது. வால்டர் ஸ்காட்டின் மாளிகைப் பெயரைத் தாங்கிய அக்கடையில், கூடத்தின் நடுவே தீவுபோல் நிற்கும் மகோகனி மரவேலைப்பாடும், உயர்ந்த கூரையின் சுதைப் பூவேலையும் காணத்தக்கவை. அருகே ஹனோவர் தெரு முனையில், படியிறங்கிச் செல்லும் நிலவறைக் கடையாக மில்ன்ஸ். அதன் ஓர் அறைக்குச் 'சின்ன கிரெம்ளின்' என்றே பெயர். அங்கு நடந்த அரசியல் பேச்சு அத்தகையது. முட்செடியைப் பற்றி 2,685 அடிகளில் 1926இல் ஒரு நெடுங்கவிதை எழுதிய மக்டயர்மிட், பிரமுகர் அகராதியில் தம் பொழுதுபோக்கு 'ஆங்கில வெறுப்பு' என்று பதிந்துகொண்டவர். அவர் ரோஜாவின் தெருவில் அமர்ந்து குடித்தார் என்பதைக் கண்டு நகைக்கத் தோன்றினால் அதில் பிழையில்லை.

அந்நகரில் மதுவும் கவிதையும் கொண்ட உறவு இந்தத் தெருவினும் பழையது. பதினெட்டாம் நூற்றாண்டில் பழைய எடின்பரோ பல மாடிக் கல்வீடுகளால் நெருங்கிக் கிடந்தது. ஓர் அறையில் ஒரு குடும்பம் என்ற நிலையில் நண்பரை வீட்டுக்கு அழைக்க இடமேது? வழக்கறிஞர் தம் கட்சிக்காரரைச் சந்திப்பதும் வணிகர் கணக்குத் தீர்ப்பதும் மதுவகத்தில்தான். ராபர்ட் ஃபெர்குசன் என்னும் கவிஞர் சட்டப் பத்திரங்களைப் படியெடுக்கும் எழுத்தராக இருந்து, 1772இல் 'கேப் கிளப்' என்னும் குழாத்தில் சேர்ந்தார். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் வேடிக்கையான வீரப் பட்டம் சூட்டுவது அக்குழாத்தின் வழக்கம். குரல்வளம் மிக்க ஃபெர்குசனுக்குத் தேவாலயப் பாட்டுத் தலைவர் என்ற பட்டம் கிடைத்தது. ஓவியர் அலெக்சாண்டர் ரன்சிமன் அதில் இருந்தார். பகலில் மதிப்புமிக்க தச்சராகவும் நகரமன்றத்தவராகவும் உலவி, இரவில் கன்னமிட்டு, 1788இல் தூக்கிலேறிய வில்லியம் பிரோடியும் இருந்தார். கழகம் என்று ஒன்று அமைந்தால் எத்தகையவரும் வருவர் போலும்.

ஃபெர்குசன் 1774இல் மனநோயர் விடுதியில், தம் 24ஆம் வயதில் இறந்தார். கேனன்கேட் தேவாலயத்து இடுகாட்டில் அடையாளமின்றிப் புதைக்கப்பட்டார். 1786இன் இறுதியில் எடின்பரோவுக்கு வந்த ராபர்ட் பர்ன்ஸ் அந்த இடத்தைத் தேடிப் பார்த்து, 1787இல் இசைவு பெற்றுத் தம் செலவில் கல் நாட்ட ஏற்பாடு செய்தார். பர்ன்ஸும் அந்நகரில் ஒரு மதுவகக் குழாத்தில் இருந்தார். ஆங்கர் குறுஞ்சந்தில் கூடிய அக்குழாத்தை அமைத்தவர் வில்லியம் ஸ்மெல்லி. பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தின் முதற் பதிப்பைத் தொகுத்தவர் அவரே. அதே சந்தில் அவருடைய அச்சகமும் இருந்தது. பர்ன்ஸின் 1787ஆம் ஆண்டு எடின்பரோப் பதிப்பு அங்கேதான் அச்சாயிற்று. மெய்ப்புத் திருத்தும் இடத்திற்கும் பாடிக் களிக்கும் இடத்திற்கும் இடையே சில அடித் தொலைவே.

மீண்டும் ரோஸ் தெருவுக்கு வரலாம். மொஃபட்டின் ஓவியத்து எண்மரைப் பற்றிச் சிந்திக்கும்போது வியப்பளிப்பது அவர்கள் குடித்ததன்று. அவர்கள் ஒரே மேசையில் பொருந்தக்கூடியவர்களே அல்லர். மொழியே மூன்று. மக்டயர்மிட்டும் கேரியக்கும் குட்சர் ஸ்மித்தும் ஸ்காட்ஸ் மொழியில் எழுதிப் பெயர் பெற்றவர்கள். அவர்களுள் குட்சர் ஸ்மித்தோ நியூசிலாந்தில் பிறந்து, வளர்ந்த பின் அம்மொழியைக் கைக்கொண்டவர். மக்ளீன் கேலிக் மொழியிலும், கிரைட்டன் ஸ்மித் கேலிக், ஆங்கிலம் இரண்டிலும் எழுதினர். மற்றவர்களுக்கு ஆங்கிலம். அடுத்தவர் கவிதையைச் சிலர் மொழிபெயர்ப்பின் வழியாகவே படிக்க முடிந்தது. போரிலோ மூன்று நிலைகள். மக்ளீன் 1942இல் எல் அலமீன் களத்தில் கடுங்காயமுற்றவர். கேரியக் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்டுப் போர்க்கைதியாக ஆண்டுகள் கழித்தவர். மக்கெய்க் எவரையும் கொல்லமாட்டேன் என்று போர்ச்சேவையை மறுத்துத் தண்டனை ஏற்ற பள்ளி ஆசிரியர். அரசியலிலும் அமைதி இல்லை. மக்டயர்மிட்டைத் தேசியக் கட்சியினர் பொதுவுடைமையர் என்று நீக்கினர். பொதுவுடைமைக் கட்சியினர் தேசியவாதி என்று நீக்கினர். 1956இன் ஹங்கேரி நிகழ்வுக்குப் பின் பலர் பொதுவுடைமைக் கட்சியை விட்டு வெளியேறியபோது அவர் மீண்டும் உள்ளே போனார்.

இப்படிப்பட்டவர்களை எந்தக் கருத்தரங்கும் ஒருசேர இருத்தியிராது. 1962இல் எடின்பரோவில் பன்னாட்டு எழுத்தாளர் மாநாடு கூடியபோது மக்டயர்மிட்டும் இளைய எழுத்தாளர் அலெக்சாண்டர் டிரோக்கியும் மேடையிலேயே மோதிக்கொண்டது இன்றும் பேசப்படுகிறது. மேடையில் சொன்ன வசை அவையோர் முன் நிலைத்துவிடுகிறது. மேசையில் சொன்ன வசைக்கு அடுத்த கோப்பை மருந்தாகலாம். ஸ்காட்லாந்துக் கவிதையில் 'ஃபிளைட்டிங்' என்றொரு மரபே உண்டு. தமிழின் வசைகவியைப் போன்று, இரு புலவர் ஒருவரையொருவர் செய்யுளால் ஏசிக்கொள்வது அது. 1500ஆம் ஆண்டையொட்டி டன்பாரும் கென்னடியும் அரசவையில் நிகழ்த்தினர். மரபாகவே சண்டையிடத் தெரிந்தவர்களுக்குச் சண்டைக்குப் பின் கூடியிருக்கவும் ஓர் இடம் தேவைப்பட்டது. அக்கடைகள் இரவு பத்து மணிக்கு மூடிவிடும். 1976ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் வரும் வரையில் ஞாயிறன்று திறப்பதே இல்லை. ஆகவே பேச்சு எப்போதும் முடிவுறாமல் நின்றது.

கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவரையும், அதியமான் ஈந்த கள்ளை நினைந்து உருகிய ஔவையையும் ஒருங்கே போற்றும் மொழியினர், இந்தக் கதையின் மறுபக்கத்தைக் கேட்காமல் விடமாட்டார்கள். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையும் ஆகாது. ரோஸ் தெருவின் கலைமகள் என்று கொண்டாடப்பட்ட ஸ்டெல்லா கார்ட்ரைட் என்னும் பெண்மணியைப் பிரவுன் அங்கேதான் கண்டார். அவர் மீது காதலும் மதிப்பும் கொண்ட கவிஞர் பலர். பிறந்தநாள்தோறும் பிரவுன் அவருக்குக் கவிதை எழுதி அனுப்பினார். குடி அவரை மெல்ல அழித்தது. 1985இல், ஐம்பது வயதை எட்டாமலே அவர் இறந்தார். அவரைப் பற்றிய கவிதைகள் வாழ்கின்றன. அவரை வாழவைக்க அந்த மேசையால் முடியவில்லை. கலைமகள் என்ற பட்டம் அழகியதுதான். அதைத் தாங்கியவர் எழுதுகிறாரா, என்ன நினைக்கிறார் என்று கேட்கும் கடமையிலிருந்து அது கவிஞர்களை விடுவித்தும்விட்டது.

ஓவியத்து எண்மரில் பெண் ஒருவரும் இல்லை. பெண்கள் கவிதை எழுதாத காலம் அன்று அது. ஹெலன் குரூக்ஷாங்க் அரசு அலுவலகத்தில் பணிபுரிந்தவர். ஸ்காட்ஸ் மொழிக் கவிஞர். எழுத்தாளர் அமைப்பாகிய பென் சங்கத்தின் ஸ்காட்லாந்துக் கிளை 1927இல் தோன்றத் துணைநின்று, அதன் செயலாளராக ஆண்டுகள் பல உழைத்தார். எடின்பரோவின் புறநகராகிய கார்ஸ்டர்ஃபினில் இருந்த அவருடைய வீடு எழுத்தாளர்களின் தங்குமிடமாக விளங்கியது. மக்டயர்மிட் வறுமையில் உழன்றபோது உதவியவர்களில் அவரும் ஒருவர். மடல் எழுதி, தேநீர் அளித்து, படுக்கை விரித்து அவர் காத்த இலக்கியத்தை வரைய ஓவியர் எவரும் 'கவிஞர்களின் வீடு' என்று தூரிகை எடுக்கவில்லை. பத்தாண்டுகள் நிறைந்த வட்டம் ஒவ்வொன்றிலும் அழைப்பிதழ் எழுதியவர், நாற்காலி பிடித்தவர், வாடகைப் பாக்கியைத் தம் பையிலிருந்து கட்டியவர் இருப்பார். மலரின் நிழற்படத்தில் பெரும்பாலும் அவர் முகம் இருக்காது.

பின்னாளில் அந்நகரக் கவிதைக்கு வேறு வீடு அமைந்தது. மும்பையில் பிறந்தவரான டெஸ்ஸா ரான்ஸ்ஃபோர்டு என்னும் கவிஞர் 1984இல் ஸ்காட்லாந்துக் கவிதை நூலகத்தை நிறுவினார். குடிக்காதவரும், குழந்தையோடு வருபவரும், மாலையில் வெளியே வர இயலாதவரும் அங்கே சென்று படிக்கலாம். ரோஸ் தெரு தராத ஒன்றை அது தந்தது. ஓவியத்தில் இருந்தவர்களில் மக்கெய்க், பிரவுன், மக்ளீன் மூவரும் 1996 என்னும் ஒரே ஆண்டில் மறைந்தனர். கடைசியாக எஞ்சிய மார்கன் 2010இல் மறைந்தார். 2006 மார்ச்சில் வந்த சட்டத்தால் ஓவியத்தின் புகைமண்டலமும் மதுவகத்தை விட்டு வெளியேறியது. பிரிட்டன் முழுவதிலும் 2000ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 60,000 ஆக இருந்த மதுவகங்கள் இப்போது 45,000 அளவுக்குக் குறைந்துவிட்டன. எஞ்சியவற்றுள் சில தம் பழம்பெருமையைப் பயணிகளுக்கு விற்றுப் பிழைக்கின்றன. மில்ன்ஸின் சுவர்களில் கவிஞர்களின் படங்கள் ஏறின.

ஒரு கடை மட்டும் பழைய தொழிலை விடவில்லை. ஃபாரஸ்ட் சாலையில் உள்ள சாண்டி பெல்ஸ், ரோஸ் தெருவிலிருந்து நடக்கும் தொலைவுதான். பாலைநிலப் போரில் மடிந்த இருதரப்பு வீரர்க்கும் இரங்கற்பா எழுதி 1948இல் வெளியிட்ட ஹாமிஷ் ஹெண்டர்சன் அதைத் தம் இரண்டாம் அலுவலகமாகவே கொண்டிருந்தார். 1951இல் தொடங்கிய ஸ்காட்லாந்து ஆய்வுத்துறையில் பணியாற்றிய அவர், ஒலிப்பதிவுக் கருவியுடன் பண்ணையாட்களிடமும் நாடோடி மக்களிடமும் சென்று பாடல்களைத் திரட்டினார். அபர்டீனில் ஜீனி ராபர்ட்சன் என்னும் பெரும் பாடகியை உலகறியச் செய்தார். நாட்டார் பாடல் கவிதையாகுமா என்று நாளிதழில் மக்டயர்மிட்டோடு கடுமையாக வழக்கிட்டவரும் அவரே. பல்கலைக்கழகத்தில் காப்பிட்ட பாடலை மாலையில் மதுவகத்தில் பாடவிட்டார். கேட்டவர் கற்றார், கற்றவர் மாற்றிப் பாடினார். 2002இல் அவர் மறைந்தார். அவருடைய மார்பளவுச் சிலை அக்கடையில் இருக்கிறது. மாலைதோறும் பிடிலோடு வருபவர் மூலையில் அமர்ந்து தொடங்குகிறார். பாட்டைத் தெரிந்தவர் எவரோ, அழைப்பில்லாமலே, உடன் சேர்ந்துகொள்கிறார்.