பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர்

(தாராவியில் நடந்த மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மில் பலருக்குப் பிறந்தநாள் ஜூன் 1. சிரிக்கிறீர்கள். ஊரிலிருந்து வந்த கையோடு முனிசிபல் பள்ளியில் சேர்த்தபோது, தேதி தெரியாமல் அம்மா விழித்தாள். வாத்தியார் ஜூன் 1 என்று எழுதிக்கொண்டார். அந்தப் பதிவேட்டை அன்றோடு மறந்துவிட்டோம். அது எவ்வளவு பெரிய சாட்சி என்று சொல்லத்தான் இன்று வந்தோம்.

1942 ஜூலை 16, 17 தேதிகளில், நாஜிகளுக்காகப் பாரிஸ் போலீசார் ஏறத்தாழ 13,000 யூதர்களைப் பிடித்தார்கள். அவர்களில் 4,000க்கு மேற்பட்டோர் குழந்தைகள். தாய்மாரிடமிருந்து பிரித்து, டிரான்சி முகாம் வழியாக ஆஷ்விட்ஸ் கொலைக்கூடத்துக்கு ரயிலேற்றினார்கள். யார் பெற்ற பிள்ளைகள்? போலந்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் பிழைக்க வந்த தையற்காரர்களும் தோல் தொழிலாளர்களும் பெற்ற பிள்ளைகள். தாராவிக்காரர்களான நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ரயிலேற்றியவர்களின் பெயரையும் பிறந்த தேதியையும் கொலைகாரர்களே பட்டியலாகத் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். ஆஷ்விட்ஸில் தகப்பனைப் பறிகொடுத்த செர்ஜ் கிளார்ஸ்பெல்ட் என்ற வழக்கறிஞர் அவற்றைத் திரட்டி, ஏறத்தாழ 76,000 பேர் கொண்டுசெல்லப்பட்ட வரலாற்றை 1978ல் நூலாக வெளியிட்டார். பின்னர் 1990களின் கடைசியில், முன்னாள் மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் பாரிஸ் பள்ளிகளின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார்கள். பெயர், பிறந்த தேதி, விலாசம். விடுமுறைக்குப் பின் வகுப்புக்குத் திரும்பாதவர் யார்? ரயில் பட்டியலோடு ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டார்கள். இன்று அப்பள்ளிகளின் சுவரில் நினைவுப் பலகைகள் இருக்கின்றன. அன்றைய பிரெஞ்சு அரசு உடந்தையாக இருந்ததையும் அவை மறைக்கவில்லை.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்தைப் பாருங்கள்.

1996 செப்டம்பர் 7. சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசாமி, பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பும் வழியில் செம்மணி சோதனைச் சாவடியில் இராணுவத்தினரால் மறிக்கப்பட்டாள். தேடிப் போன தாய், தம்பி, அயல்வீட்டுக்காரர் ஒருவர் திரும்பவில்லை. நால்வரும் கொன்று புதைக்கப்பட்டார்கள். 1998ல் அவ்வழக்கில் தண்டனை பெற்ற சிப்பாய் சோமரத்ன ராஜபக்ச, அங்கே 300, 400 பேர் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னான். 1999ல் தோண்டியெடுக்கப்பட்ட உடல்கள் 15 மட்டுமே.

2025ல் செம்மணியில் மீண்டும் தோண்டினார்கள். 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள்! அவற்றில் குழந்தைகளும் உண்டு. ஒரு நீலநிறப் பள்ளிப் பை, ஒரு பொம்மை. அடையாளம் காட்டச் சொல்லி, கிடைத்த பொருட்களை ஆகஸ்டு மாதம் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். பாரிஸில் பெயர் இருந்தது, உடல் இல்லை. செம்மணியில் உடல் இருக்கிறது, பெயர் இல்லை.

அது கடல் கடந்த கதை என்று விட்டுவிடவும் முடியாது. 1992 டிசம்பர், 1993 ஜனவரிக் கலவரங்கள் நம் சந்துகளிலும் நடந்தவைதாம். அரசுக் கணக்கில் இறந்தவர் 900. காணாமல் போனவர் 168. 2022ல் உச்சநீதிமன்றத்தில் என்ன தெரிந்தது? காணாமல் போனவர்களில் 108 பேரின் குடும்பங்களுக்கு உதவித்தொகை போய்ச் சேரவில்லை. காரணம்? விலாசம் கிடைக்கவில்லை, காகிதங்கள் முழுதாக இல்லை! முப்பது ஆண்டு கழித்தும் அக்குடும்பங்களைத் தேடச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

தோழர்களே, பணக்காரனுக்குப் பத்திரம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறான். ஏழைக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு விலாசமும்தான். ஆகவே கேட்டுக்கொள்கிறோம்: பிள்ளையின் பெயரும் தகப்பன், தாய் பெயரும் பதிவேட்டில் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். குடிசை மாறினால் புது விலாசத்தை எழுதச் சொல்லுங்கள். நடுவாண்டில் ஊருக்கு அனுப்பினால், சொல்லிவிட்டு, லீவிங் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். ரேஷன் கார்டோடு அதையும் தகரப் பெட்டியில் வையுங்கள்.

நாளை யாராவது நம் பிள்ளை எங்கே என்று கேட்டால், பதில் சொல்ல ஒரு வரியாவது இருக்க வேண்டும்.