தீப்பெட்டித் தொழிலும் தில்லி வரியும்



கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி சூழ்ந்த நிலம் வானம் பார்த்த மண். மழை பொய்த்தால் உழவனுக்கு அங்கே வேறு பிழைப்பில்லை. அந்த வறண்ட மண்ணில் ஒரு தொழில் வேரூன்றியது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டு கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுவந்து சிவகாசியில் தொழிலைத் தொடங்கினர். அதே காலத்தில், 1923இல், சுவீடன் முதலாளிகளின் விம்கோ நிறுமம் பெரும்பொறிகளோடு இந்நாட்டில் கால்வைத்தது. யானைக்கும் எறும்புக்கும் போட்டி! எறும்பு எவ்வாறு பிழைத்தது?

வரிமுறையால் பிழைத்தது. 1934இல் வெள்ளையர் ஆட்சி தீப்பெட்டிக்கு ஆயத்தீர்வை விதித்தது. பிற்காலத்தில் அத்தீர்வை, பொறியாலைக்கு மிகுதியாகவும் கையால் செய்யும் சிறு தொழிலகத்துக்குக் குறைவாகவும் வகுக்கப்பட்டது. சிறுதொழிலுக்கென ஒதுக்கிய பொருள்களின் பட்டியலிலும் தீப்பெட்டி இடம்பெற்றது. இவ்விரு வேலிகளுக்குள்ளேதான் ஊர்ப்புறப் பெண்கள் கட்டை அடுக்கினர், பெட்டி ஒட்டினர், அடுக்கிய குச்சிகள் மருந்தில் முக்கப்பட்டன. கட்டை, பெட்டி, மருந்து, முக்குதல் என்னும் சொற்களை நோக்குங்கள். பள்ளி செல்லாதாரும் தம் தொழிலைத் தமிழிலேயே நடத்தினர். பட்டம் பெற்றவனோ கலைச்சொல் இல்லையென்று கைபிசைகின்றான்! சிறுவர் சிறுமியரின் விரல்களும் அத்தொழிலில் தேய்ந்தன. அதை மறைத்தல் அறமன்று. 1986ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடுத்தது தக்கதே.

ஆனால் வேலிகள் பிடுங்கப்பட்ட கதை வேறு. ஒதுக்கீட்டில் எஞ்சியிருந்த 20 பொருள்களையும் 2015 ஏப்பிரலில் நடுவண் அரசு நீக்கியது. தீப்பெட்டி அவற்றுள் ஒன்று. 2017 சூலை 1இல் சரக்கு, பணி வரி வந்தது. கைத்தீப்பெட்டிக்கு 5 விழுக்காடு, பொறித்தீப்பெட்டிக்கு 18 விழுக்காடு. சில வேலைகளுக்கு மட்டும் பொறி வைத்திருந்த இடைநிலைத் தொழிலகத்தாரும் 18இல் அகப்பட்டு முறையிட்டனர். அம்முறையீடு நேர்மையானதே. தீர்வு எவ்வாறு வந்தது? 2020 ஏப்பிரல் முதல் 2025 வரை இருசாரார்க்கும் 12 விழுக்காடு! பொறிக்கு 6 குறைந்தது. கைக்கு 7 கூடியது.

இதை முடிவுசெய்தது யார்? அவ்வரி மன்றத்தில் நடுவண் அரசின் வாக்குக்கு மூன்றிலொரு பங்கு எடை. மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து எஞ்சிய இரு பங்கு. நான்கில் மூன்று பங்கு எடை சேராமல் எம்முடிவும் நிறைவேறாது. தில்லி மறுத்தால் ஒன்றும் நடவாது. தமிழ்நாடு மட்டும் மறுத்தால் எல்லாம் நடக்கும்!

இதற்கிடையே மூலப்பொருள்களின் விலை ஏறியது. 14 ஆண்டுகள் ஓர் உருபாவுக்கு விற்ற பெட்டி 2021 திசம்பரில் இரண்டு உருபா ஆயிற்று. கடைகளிலோ சீனத்து நெகிழித் தீமூட்டி குவிந்தது. ஒரு தீமூட்டி பல தீப்பெட்டிகளின் விற்பனையை விழுங்கியது. தமிழ்நாட்டு முதல்வர் 2022இல் நடுவண் அரசுக்கு மடல் எழுதினார். 20 உருபாவுக்குக் குறைந்த தீமூட்டிகளின் இறக்குமதிக்கு 2023 சூனில்தான் தடை வந்தது. பின்னர் உறுப்புகளாகக் கொணர்ந்து இங்கே பூட்டி விற்றனர். அவ்வுறுப்புகளுக்கும் தடைபோட 2024 ஆயிற்று.

கைக்கும் பொறிக்கும் வேறுபாடு காட்டும் வரிமுறை மீளவேண்டும். வரி மாற்ற ஆணைகள் வெளிவரும் அன்றே தமிழிலும் வெளிவரவேண்டும். கோவில்பட்டித் தொழிலகத்தான் தன் வரியைத் தன் மொழியில் படிக்கக் கேட்பது பிச்சையன்று.