வாக்குரிமையும் நம் பொறுப்பும்

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவிலே தேர்தலைப் பற்றிய பேச்சு எதற்கு எனச் சிலர் எண்ணக்கூடும். எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்க இம்மேடையில் நாம் நிற்கவில்லை. எழுத்தும் வாக்கும் நம் முன்னோர்க்கு ஒருசேர மறுக்கப்பட்டவை. சொத்துடையவன், வரி செலுத்துபவன், படித்தவன் ஆகியோருக்கே வாக்கு என்று வெள்ளையர் ஆட்சியில் விதி இருந்தது. நிலத்தையும் பள்ளியையும் நமக்கு மறுத்த ஊர், வாக்கையும் அதனாலேயே மறுத்துவிட்டது. ஆகவே, ஒன்றைப் பேசுமிடத்தில் மற்றொன்றையும் பேசுவது பொருந்தும்.

1919 ஜனவரி 27-ஆம் நாள், சௌத்பரோ குழுவின் முன் சாட்சியம் அளித்த அண்ணல் அம்பேத்கர், தீண்டாதாராக ஒதுக்கப்பட்ட மக்களுக்கு அத்தகுதிகளைத் தளர்த்த வேண்டுமென வாதிட்டார். அன்று அவருக்கு வயது 27. 1930-இல் தொடங்கிய வட்டமேசை மாநாட்டில் அவரும், நம் தமிழகத்து இரட்டைமலை சீனிவாசன் அவர்களும், வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை கேட்டனர். கேட்டது உடனே கிடைத்துவிடவில்லை. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பழைய தகுதிகள் நீடித்தன. 1950-இல் அரசமைப்புச் சட்டத்தின் 326-ஆம் பிரிவு வந்த பிறகே, பண்ணையாருக்கும் அவர் பண்ணையில் உழைத்தவனுக்கும் ஆளுக்கொரு வாக்கு என்ற நிலை பிறந்தது. சிறை சென்றும், சாட்சியம் சொல்லியும், கடல் கடந்து வாதாடியும் பெற்ற பொருள் அது.

பெற்ற பின்னும் அதைக் கையாளவிடாமல் தடுத்த வரலாறு நெடியது. இளைஞர்கள் இரண்டு ஊர்களின் கதையை அறிந்திருத்தல் வேண்டும்.

மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி 1996-இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. அச்சுறுத்தலால் முதலில் தேர்தலே நடைபெறவில்லை. டிசம்பர் இறுதியில் நடந்த வாக்குப்பதிவில் பெட்டிகள் பறிக்கப்பட்டன. பின்னர் காவலுடன் மீண்டும் நடத்தி, முருகேசன் தலைவரானார். ஆறே மாதம்! 1997 ஜூன் 30-ஆம் நாள், பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த அவரும், துணைத்தலைவர் உள்ளிட்ட மேலும் ஐவரும் வழிமறித்து வெட்டிக் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, 2009-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அவர்களுள் 13 பேரை 2019-இல் அரசு முன்கூட்டியே விடுவித்ததையும் நாம் கண்டோம்.

மற்றொன்று பாப்பாபட்டி. அதனோடு கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகியவற்றையும் சேர்த்தே சொல்வர். இங்கும் 1996-இல் தலைவர் பதவிகள் ஒதுக்கப்பட்டன. பத்தாண்டுக் காலம் தேர்தல் மேல் தேர்தல் அறிவிக்கப்பட்டது. வேட்புமனு கொடுக்க ஆள் வராது. வந்தாலோ, ஊரார் நிறுத்திய ஒருவர் வெற்றி பெற்று, பதவியேற்ற சூட்டோடு விலகிவிடுவார்.

இதைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அறிவிப்பு வந்தது, மனு பெறப்பட்டது, வாக்கு எண்ணப்பட்டது, சான்றிதழும் வழங்கப்பட்டது. ஏட்டளவில் எக்குறையும் இல்லை. ஆயினும் அங்கே மக்களாட்சி நடந்ததென்று யாரேனும் கூறுவரோ? மேலவளவில் அரிவாள் செய்ததைப் பாப்பாபட்டியில் ஓசையின்றி ஒரு விலகல் கடிதம் செய்தது. வாக்கைக் கொல்வதற்கு எப்போதும் குருதி சிந்த வேண்டுவதில்லை என்பதே அதில் நாம் கற்பது. 2006-இல்தான் அவ்வூர்களில் தலைவர்கள் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியில் நிலைத்தனர்.

சரி, அது மதுரைப் பக்கத்துச் செய்தி. பனியன் நகரில் இருக்கும் நமக்கென்ன என்று கேட்கலாம். இங்கு நம் பெட்டியை யாரும் பறிப்பதில்லை. மனுவை யாரும் கிழிப்பதில்லை. ஆனால் நம் தெருவில் எத்தனை பேருக்கு இவ்வூரில் வாக்கு இருக்கிறது? தங்கள் வீட்டிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள்.

மதுரை, தேனி, திண்டுக்கல், புதுக்கோட்டை எனப் பல மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து, பத்தாண்டு, பதினைந்தாண்டு லைன் வீடுகளில் குடியிருப்போர் நம்மில் பலர். உழைப்பு இங்கே, குடிநீர் இங்கே, பிள்ளையின் பள்ளி இங்கே, பெயர் மட்டும் ஊரிலே. தேர்தலன்று கோவில்வழிப் பேருந்து நிலையத்தில் நள்ளிரவு வரை நெருக்கியடித்து நின்று, ஊருக்குப் போய் வாக்களித்துத் திரும்புவோர் உண்டு. அவர்களது பற்றினைக் குறை கூற மாட்டோம். போக இயலாதோரே மிகுதி. அவ்வாறாயின், நம் தெருவிலே சாக்கடை நிரம்பி வழியும்போது எந்த மாமன்ற உறுப்பினர் நமக்கு அஞ்சுவார்? இந்தத் தெருவில் முந்நூறு பேர் வாழ்கின்றனர், முப்பது வாக்குகூட இல்லை என்பது நமக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். வாக்காளர் பட்டியலை நம்மைவிட அவரே நன்றாகப் படித்தவர்!

சட்டம் இதில் தெளிவாக உள்ளது. ஒருவர் வழக்கமாக எங்கு வசிக்கிறாரோ அங்கேதான் அவர் பெயர் இருத்தல் வேண்டும். ஊரிலே வீடு இருப்பது மட்டும் போதாது. இரண்டு தொகுதிகளில் பெயர் இருத்தலும் கூடாது. உள்ளாட்சித் தேர்தலின் பட்டியலும் சட்டமன்றப் பட்டியலிலிருந்தே ஆக்கப்படுகிறது. ஆகவே அங்கே விடுபட்டவர் வார்டிலும் விடுபட்டவரே.

2025 நவம்பரில் தமிழகத்தில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தம் நம் கண்ணைத் திறந்திருக்க வேண்டும. டிசம்பர் 19-ஆம் நாள் வெளிவந்த வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தோரும் இரட்டைப் பதிவுகளும் அதில் உண்டு. எனினும் 66 லட்சத்துக்கு மேற்பட்டவை இடம்பெயர்ந்தோர், முகவரியில் இல்லாதோர் என்று குறிக்கப்பட்டவை. அத்திருத்தத்தின் நியாயத்தைப் பற்றி வேறுபட்ட கருத்துகள் உள. அவற்றுள் இன்று புக வேண்டா. வீடு மாறி மாறி வாழும் தொழிலாளியே அவ்வாறு முதலில் விடுபடுவான் என்பதில் மட்டும் ஐயமில்லை. வாடகை வீட்டுக்காரர் கையெழுத்திட்டுத் தர மறுக்கிறார் என்பது நாம் அடிக்கடி கேட்கும் முறையீடு. சான்று எதுவும் இல்லாதவரிடத்து அலுவலர் நேரில் வந்து விசாரித்தறிய வேண்டுமெனப் பெயர்ச் சேர்ப்புப் படிவத்திலேயே வழி உள்ளது. அதைக் கேட்டுப் பெறுவதற்குத்தான் படிப்பு.

வாக்குப்பதிவு நாளில் கூலி போய்விடும் என்ற அச்சமும் உண்டு. அந்நாளில் ஊதியத்துடன் விடுப்பு அளிக்க வேண்டுமென மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு கூறுகிறது; தினக்கூலிக்கும் அது பொருந்தும். பீஸ் ரேட்டுக்குத் தைப்போர்க்கு அன்று எவ்வளவு ஊதியம் என்ற வழக்கு கம்பெனிதோறும் எழுவதுண்டு. தனித்தனியே கேட்டால் கிடைக்காது. சேர்ந்து கேட்டாலோ பேச்சே வேறு.

இனிப் பணத்தைப் பற்றி. கசப்பாயினும் சொல்லியாக வேண்டும். 2016 மே மாதத்தில், நம் அண்டையிலுள்ள கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சியிலும், தஞ்சாவூரிலும், வாக்காளர்க்குப் பணம் வழங்கப்பட்டது எனக் கூறித் தேர்தல் ஆணையம் தேர்தலை நிறுத்தியது. ஆறு மாதங்கள் அத்தொகுதிகளுக்குச் சட்டமன்ற உறுப்பினரே இல்லை. சட்டப்படி கொடுப்பவர் மட்டுமன்று, வாங்குபவரும் குற்றவாளியே. எனினும், வறியவன்தான் வாக்கை விற்கிறான் என்று படித்தவர் பேசும் ஏளனத்தை நாம் ஏற்பதற்கில்லை. மாடி வீட்டிலும் உறை வாங்குவோர் உளர். அதை யாரும் பேசுவதில்லை. வாரக் கூலி சனிக்கிழமை வந்து, திங்களன்று கடனுக்குப் போகும் குடும்பத்தில் ஓராயிரம் ரூபாய் என்பது சிறு தொகையன்று. அதனால்தான் கேட்கிறோம்: ஐந்தாண்டுக்கு ஓராயிரம் என்றால் நாளொன்றுக்கு ஐம்பத்தைந்து காசு. ஒரு தேநீருக்கும் ஆகாத அந்தக் காசை வாங்கியவன், பட்டாவுக்காக ஒருவர் வாயிலில் போய் நிற்கும்போது, அன்றே கணக்குத் தீர்ந்தது என்று அவர் சொன்னால் என்ன மறுமொழி கூறுவான்?

அவிநாசியும் தாராபுரமும் இம்மாவட்டத்தின் ஒதுக்கீட்டுத் தொகுதிகள். அங்கே நிற்பவர் நம்மவர். வாக்காளரிலோ பெரும்பாலோர் பிறர். 1932-இன் பூனா ஒப்பந்தம் விட்டுச் சென்ற நிலை இது. யாருடைய வாக்கால் வென்றாரோ அவர்பக்கமே உறுப்பினரின் செவி சாயும். நம் வாக்கில் பாதி வேற்றூரில் கிடந்து, மீதியில் பாதி விலைபோகுமாயின், நம்மவரே ஆயினும் அவர் நம்மிடம் எதற்கு வருவார்?

நம் கழகத்தின் செயற்குழு ஒரு முடிவு செய்துள்ளது. வரும் ஞாயிறு முதல் பிற்பகலில் படிப்பகத்தில் படிவம் 6-உம் படிவம் 8-உம் இருக்கும். புதிதாகப் பெயர் சேர்க்க முன்னது; ஊரிலிருந்து இங்கு மாற்றிக்கொள்ளப் பின்னது. மேல்நிலை வகுப்பு முடித்த இளைஞர் நால்வர் நிரப்பித் தர முன்வந்துள்ளனர். பதினேழு நிறைந்த பிள்ளைகளும் முன்னதாகவே மனு அளிக்கலாம். வீட்டுப் பெண்களின் பெயரை மறந்துவிட்டு ஆண்கள் மட்டும் வராதீர்கள். பழைய அட்டை உள்ளவர்கள் எடுத்து வாருங்கள். இல்லாதவர்கள் வெறுங்கையோடு வாருங்கள்.