அரை மார்க்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்லூரியில் நான் எழுந்து பதில் சொன்னாலே நீங்கள் சிரிப்பீர்கள். அதற்குப் பழிவாங்கத்தான் இவன் வாத்தியாரானான் என்று நினைத்துவிடாதீர்கள்! ஆனையூரில் ஒரு பள்ளியில் பல வருடம் வேலை பார்த்தேன். ஊர் 2011-ல்தான் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. நான் சொல்வது அதற்கு முந்திய கதை.

"தண்ணீரின் மூன்று நிலைகள் யாவை?" என்றேன். ஒரு பயல் எழுந்து, "குழாய்த் தண்ணி, லாரித் தண்ணி, வராத தண்ணி சார்" என்றான். பாடப்படி தப்பு, அவன் தெருப்படி ரொம்பச் சரி.

"யானைமலை ஒத்தக்கடையில இருக்கு. நம்ம ஊருக்கு ஏன்டா ஆனையூர்னு பேரு?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "முதல்ல இங்கதான் சார் இருந்துச்சு. படுக்க இடம் பத்தாம அங்க போயிருச்சு!"

இதெல்லாம் சிரிப்பு. இன்னொன்று இருக்கிறது.

ஐந்தாம் வகுப்பில், "வைகை எந்தக் கடலில் கலக்கிறது?" என்று கேட்டேன். ஒரு பெண் பிள்ளை, "கடலுக்குப் போகாது சார். ராமநாதபுரத்துல எங்க அப்பத்தா வீட்டுக்கிட்ட பெரிய கண்மாய்ல முடிஞ்சிரும்" என்றது. "ஏம்மா, உங்க அப்பத்தா ஆத்தைக் குடத்துல பிடிச்சு வச்சிருக்காங்களா?" என்றேன். வகுப்பே சிரித்தது. பரீட்சையிலும் அதையே எழுதியது, முட்டை போட்டேன். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை கையே தூக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு ராமநாதபுரம் போனேன். பெரிய கண்மாய்க் கரையில் நின்ற பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "வைகைத் தண்ணிதான் தம்பி, இங்க வந்து சேர்ந்துரும்" என்றார். வருசநாட்டு மலையில் பிறந்து, வழிநெடுகக் கண்மாய்களை நிரப்பிக்கொண்டே வரும் ஆறு. பிள்ளை கண்ணால் பார்த்ததைச் சொன்னது. நான் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

திங்கட்கிழமை வகுப்பு முன்னால் அதை நிறுத்தி, "நீ சொன்னதுதான் சரி, சார் சொன்னது தப்பு" என்றேன். அது கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெள்ளம் வந்தா மிச்சத் தண்ணி கடலுக்கும் போகும் சார். நீங்க சொன்னதும் பாதி சரிதான்" என்றது.

நான் அதற்கு முட்டை போட்டேன். அது எனக்கு அரை மார்க் போட்டது.

பேரன் பேத்தி ஏதாவது சொன்னால் சிரியுங்கள். ஆனால், "ஏன் அப்படிச் சொல்றே?" என்று கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.