எதற்குப் பழகுவது, எதை மாற்றுவது?

(முதலாமாண்டு மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



ஊரிலிருந்து கிளம்பும்போது உங்களில் பலரிடம் வீட்டில் ஒன்று சொல்லியிருப்பார்கள்: "போற இடத்துல கொஞ்சம் அனுசரிச்சுப் போ." அது அக்கறையில் வருவது. இங்கே வந்த பிறகு அதையே வேறு ஆட்கள் வேறு அர்த்தத்தில் சொல்வார்கள்: "புது இடம்தானே, போகப்போகப் பழகிடும்." எதற்குப் பழகலாம், எதற்குப் பழகவே கூடாது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால், இந்த இரண்டாவது அறிவுரை நம்மைத் தின்றுவிடும்.

ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு, நூலகத்தில் புத்தகம் தேடும் முறை, கருத்தரங்கில் கை தூக்கிக் கேள்வி கேட்பது இவையெல்லாம் பழகவேண்டியவை. முதல் செமஸ்டரில் பாதி புரியாது. நம் வீடுகளில் இதையெல்லாம் முன்பே பார்த்தவர்கள் இல்லை, அவ்வளவுதான். அறிவுக் குறைவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் தனிமனிதர் ஒருவர் தன்னை எவ்வளவுதான் மாற்றிக்கொண்டாலும் போதாத ஓர் இடம் உண்டு. அம்பேத்கர் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். பிறகு லண்டன். புதிய நாடு, புதிய படிப்பு எல்லாவற்றுக்கும் பழகினார். வெளிநாட்டில் கழிந்த அந்த ஆண்டுகளில், தான் தீண்டப்படாதவன் என்ற நினைவே தன்னிடமிருந்து போய்விட்டதாகப் பின்னாளில் எழுதினார். 1917இல் திரும்பிவந்து பரோடா சமஸ்தானத்தில் வேலையில் சேர்ந்தபோது தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி பெயர் ஒன்றைச் சொல்லி பார்சி விடுதியில் தங்கினார். சில நாட்களிலேயே தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். அவர் மாறியிருந்தார். பரோடா மாறவில்லை.

சரி, சட்டம் மாறினால் போதுமா? பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இலேயே தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் அதை ஏற்றது. ஆனாலும் சவுதார் குளத்தில் நம் மக்கள் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று ஊர்வலமாகப் போய்க் குடித்தார்கள். அடி விழுந்தது. குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள். நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. வழக்கு நடந்து, உயர்நீதிமன்றத் தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தது 1937இல். ஒரு வாய் தண்ணீருக்குப் பத்து ஆண்டுகள்.

மகாத் என்றதும் குளமும் டிசம்பரில் நடந்த மனுஸ்மிருதி எரிப்பும்தான் நினைவுக்கு வரும். நான் அங்கே வேறொன்றையும் பார்க்கிறேன். செத்த மாட்டு இறைச்சியை உண்பதில்லை, எச்சில் சோற்றை வாங்குவதில்லை என்று அந்த மக்கள் சேர்ந்து முடிவெடுத்தார்கள். சேலை கட்டும் முறையிலேயே சாதியை அடையாளம் காட்டியிருந்த காலம் அது. அம்பேத்கர் பேசியதைக் கேட்ட பெண்கள் அந்தக் கட்டையே மாற்றினார்கள். சாப்பாடு, உடை, நடை இவற்றைவிடப் பெரிய வாழ்க்கை மாற்றம் என்ன இருக்கிறது? அதை ஒருத்தி மட்டும் செய்திருந்தால் ஊர் அவளைச் சும்மா விட்டிருக்காது. எல்லோரும் செய்ததால் தாங்க முடிந்தது.

மாற்றத்துக்கு விலையும் உண்டு. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் ஏற்றவர்கள் ஒன்றிய அரசின் பட்டியல் சாதி உரிமைகளை இழந்தார்கள். பௌத்தர்களும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது 1990இல்தான். முப்பத்து நான்கு ஆண்டுகள் இழப்பைச் சுமந்தும் அவர்கள் பின்வாங்கவில்லை. கூட இருந்தவர்களும் அதே இழப்பைச் சுமந்தார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இப்போது நம் வளாகத்துக்கு வருகிறேன். டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியில் ஒதுக்கப்பட்டதையும் வகுப்பறையில் பாகுபாட்டைச் சந்தித்ததையும் 2007இல் தோரட் குழு பதிவு செய்தது. ரேங்க் கேட்டுச் சாதியைக் கண்டுபிடிப்பது, கோட்டா என்று சிரிப்பது, உதவித்தொகைக் கோப்பில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிப்பது இவற்றுக்குப் பழகாதீர்கள். பழகினால் அது முதிர்ச்சி ஆகாது. அடுத்து வரும் தம்பி, தங்கைக்கும் அதையே விட்டுவைக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

என்ன செய்யலாம்? நடந்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள். புகாரை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுத்து நகல் வாங்குங்கள். அலுவலகத்துக்குத் தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராவது சேர்ந்து போங்கள். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வாழ்க்கையே வெறுத்துப்போகிறது என்றால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். மருத்துவரைப் பார்ப்பது பலவீனம் இல்லை. 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலாவை இழந்தோம். தைரியமாக இரு என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு அவரைத் தனியே விட்டுப் போகும் உரிமை அதன்பிறகு நம்மில் யாருக்கும் இல்லை.

கூட்டம் முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரின் பெயரையும் அறை எண்ணையும் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அவர் மெஸ்ஸுக்கு வரவில்லையென்றால் கதவைத் தட்டுங்கள்.