மலைக்கோட்டையும் ஒரு விளையாட்டும்



ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன் வீடியோ விளையாட்டைப் பற்றிப் பேச வருவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கே வியப்புத்தான். சென்ற ஆண்டு, திண்டுக்கல்லில் எங்கள் தெருவிலுள்ள கல்லூரி மாணவன் ஒருவன் ஒரு கட்டுப் படங்களுடன் என்னிடம் வந்தான். மலைக்கோட்டை அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் சிறுமி ஒருத்தியின் கதையை, அவனும் அவன் தோழனுமாக விளையாட்டாக ஆக்கி வருகிறார்கள். பெரிய நிறுவனம் இல்லை. கையில் முதலும் இல்லை. எட்டு மாதம் வரைந்தும் படம் அமையவில்லை. விட்டுவிடலாம் என்றிருப்பதாகச் சொன்னான்.

படங்களைப் பார்த்தேன். முதற்கட்டில் ஜப்பானியச் சித்திரக்கதை முகங்கள். அடுத்ததில் புகைப்படம் போலவே பாறையின் வெடிப்பெல்லாம் வரைந்திருந்தான். ஒரு காட்சிக்கு மூன்று வாரம் ஆயிற்றாம். கைத்திறனில் குறையில்லை. ஆயினும் அந்தப் பெண் நம் ஊர் வெயிலில் ஒரு நாளும் நின்றவளாகத் தோன்றவில்லை.

என் பேத்தி எனக்குக் காட்டிய ‘வெண்பா’ என்னும் விளையாட்டு அப்போது நினைவுக்கு வந்தது. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழு 2023 இல் வெளியிட்டது அது. மறு ஆண்டு பாஃப்டா அமைப்பின் அறிமுக விளையாட்டுக்கான பரிசைப் பெற்றது. அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. ஆடுபவர் சமைக்க வேண்டும். நிழல் நுணுக்கங்கள் மிகுதியில்லை. தட்டையான, நிறைந்த வண்ணங்கள். கண் நேரே இட்லித் தட்டுக்குப் போகிறது. தட்டுகளின் துளைகளை மாற்றி அடுக்கினால்தான் ஆவி மேலேறும். அது தெளிவாகத் தெரிய வேண்டுமல்லவா? அம்மாவின் சமையற் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்திருக்கின்றன. அழிந்த இடமே புதிர். ஓவியமே கதை சொல்கிறது.

புனே நகரத்து நாடிங் ஹெட்ஸ் குழுவினர் 2020 இல் வெளியிட்ட ‘ராஜி’யில் பஹாரி ஓவிய மரபைப் பின்பற்றினார்கள், இடையே வரும் கதையைப் பாவைக்கூத்துப் போலக் காட்டினார்கள். டென்மார்க்கிலிருந்து 2010 இல் வந்த ‘லிம்போ’வில் வண்ணமே இல்லை, எல்லாம் கரிய நிழலுருவங்கள், சிறுவனின் கண்கள் மட்டும் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். நம் தோற்பாவைக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு நிழலின் வலிமையைச் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றைச் சொல்லிவிட்டு, மாலை ஐந்து மணிக்குக் கோட்டைப் பாறையைப் போய்ப் பார் என்று மட்டும் கூறினேன். அவன் முதலில் கோலப்புள்ளிகளால் வரைந்தான். தாளில் அழகாக இருந்தது. கைப்பேசித் திரையில் ஆடு நகர்ந்ததும் புள்ளிகள் மினுமினுத்துக் கண்ணை உறுத்தின. அதையும் தள்ளினான். பிறகு பாறையை ஒரே பழுப்புப் பரப்பாக நிறுத்தி, அதன்கீழ் அச்சிறுமியை ஒரு சிவப்புத் துளியாக வைத்தான். எனக்கு மூச்சே நின்றது. அவள் எவ்வளவு தனியாக இருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசிரியனாக இருந்த காலத்தில் ஓவிய வகுப்பை எத்தனையோ முறை கணக்குக்கு எடுத்துக்கொண்டவன் நான். நோட்டின் ஓரத்தில் படம் வரைந்த பையன்களை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன்.

சென்ற ஞாயிறன்று அவன் மறுபடி வந்தான். பெண் நடக்கிறாள், பாறையின் நிழல் அவள்மேல் மெல்லச் சாய்கிறது. ஆடு மட்டும் ஒரு காலை நொண்டுகிறது. சித்திரை பிறப்பதற்குள் சரிசெய்துவிடுவானாம்.